தடிக்குப் பின்னால் சுழலும் தண்ணீர்: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஓடுகிற தண்ணீரில் ஒரு உருண்டைத் தடியை நட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், தடிக்குப் பின்னால் சின்னச் சின்னச் சுழிகள் கழன்று போவது தெரியும். இடப்பக்கம் ஒன்று, பிறகு வலப்பக்கம் ஒன்று, திரும்பவும் இடப்பக்கம். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்கள், பரவைக்கடலில் சிறகுவலைக்குத் தடி ஊன்றுகிறவர்கள், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் இது பட்டிருக்கும். வெறும் கலங்கல் என்று கடந்து போகிற அந்த இடத்தில் திட்டமான ஒரு தாளம் இருக்கிறது. தண்ணீரின் வேகமும் தடியின் பருமனும் தெரிந்தால் செக்கனுக்கு எத்தனை சுழி கழரும் என்று பார்க்க முன்னமே சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. பொருளுக்குப் பின்னால் இழுபட்டுப் போகும் இந்தச் சுழிப் பகுதியைப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் ‘வேக்’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

சாதாரண தரக் கணிதம் தெரிந்தால் போதும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் பிசுக்குமை (ஓடுகிற பொருளின் உள் உராய்வு) என்று பாடப் புத்தகத்தில் ஒரு சமன்பாடாக வந்து போகிற விஷயம் இங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

ஒரு புத்திமதி முதலிலேயே: கடற்கரையில் தொடங்காதீர்கள். ஆர்வத்தில் நேரே கடலுக்குப் போய், அலை, காற்று, வெயில் மினுக்கம் எல்லாம் கலந்து ஒன்றும் தெரியாமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் வீட்டில் ஒரு தட்டு, பிறகு தோட்டத்து வாய்க்கால், பிறகு கடனீரேரி, கடைசியாகக் காற்று. இந்த ஒழுங்கில் போனால் ஒவ்வொரு இடத்திலும் எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில்: பலகைச் சட்டமும் கறுப்புப் பொலித்தீனும்

பெரிய தட்டு வாங்கத் தேவையில்லை. நாலு மரச் சலாகையை மேசையில் ஒரு மீற்றர் நீளம், 40 சென்டிமீற்றர் அகலத்துக்குச் சட்டமாக வைத்து, அதற்குள் கறுப்புப் பொலித்தீனைச் சுருக்கம் இல்லாமல் விரித்து ஓரங்களை வெளியே மடித்துவிடுங்கள். 3 சென்டிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டால் 12 லீற்றர் பிடிக்கும், ஏறக்குறைய ஒரு வாளி. மேசை சமமாக இருக்க வேண்டும். தண்ணீரை மேலே உள்ள தாங்கியிலிருந்து நேரே பிடித்தால் பகல் வெயிலில் சூடாக வரும், அந்தச் சூட்டினாலேயே தட்டுக்குள் சின்ன ஓட்டங்கள் கிளம்பிவிடும், ஆகவே கிணற்றுத் தண்ணீரோ தாங்கித் தண்ணீரோ முதலில் வாளியில் பிடித்து அறைக்குள் ஒரு மணித்தியாலமாவது வைத்து, பிறகு தட்டில் விட்டு, அதன் பிறகும் பத்து நிமிடம் ஆடாமல் விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் விசிறி ஓடினால் மேற்பரப்பு தானாக நகரும், பிறகு நீங்கள் பார்ப்பது தடியின் வேலையா விசிறியின் வேலையா என்று பிரித்தறிய முடியாது.

இங்கே தண்ணீர் நிற்கிறது, தடிதான் நகரப் போகிறது. தண்ணீர் ஓடித் தடி நின்றாலும், தடி ஓடித் தண்ணீர் நின்றாலும் சுழிக்கு ஒன்றுதான். வீட்டில் ஒரே சீராகத் தண்ணீரை ஓட விடுவது கஷ்டம், தடியை ஒரே சீராக இழுப்பது சுலபம்.

சட்டத்தின் நீளத்துக்கு மேலே ஒரு நேரான பலகையைக் குறுக்கே இல்லாமல் நெடுக்காக வையுங்கள். அதன் ஓரத்தில் 5 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். போனில் ஒரு மெற்றோனோம் செயலியை இறக்கி நிமிடத்துக்கு 120 தட்டு வைத்தால், ஒவ்வொரு தட்டுக்கும் தடி ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும், அதாவது செக்கனுக்கு ஒரு சென்டிமீற்றர். கோட்டுக்குக் கோடு குதித்துக் குதித்துப் போகக்கூடாது, வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மிருதங்கமோ தவிலோ பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இழுக்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள், அவர்களுக்குக் கை நிதானம் இருக்கும். எல்லோரும் முதலில் விடுகிற பிழை வேகம்தான். செக்கனுக்கு ஒரு சென்டிமீற்றர் என்பது பார்க்க அலுப்புத் தட்டுகிற அளவு மெதுவானது, ஆனால் அந்த மெதுவில்தான் அழகான சுழிகள் வரும்.

தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிவதற்கு ஒரு அடையாளம் வேண்டும். மிளகுத்தூள், மரத்தூள் எல்லாம் மேற்பரப்பை மட்டும் காட்டும். எனக்குப் பிடித்தது ரின்பால், அதாவது தகரப் பேணியில் வருகிற கட்டிப்பால். இரண்டு கரண்டி ரின்பாலில் அரைக் கரண்டி தண்ணீர் கலந்து கொஞ்சம் இளக்கி, தடியின் தண்ணீருக்குள் போகிற பகுதியில் மெல்லியதாகப் பூசுங்கள். தடித்துப் பூசினால் சொட்டாக அடியில் இறங்கிவிடும். மெல்லிய பூச்சு தடியோடு ஒட்டியிருந்து, தடியை உரசிக்கொண்டு போகிற தண்ணீரில் மட்டும் கரைந்து வரும், அந்தத் தண்ணீர்தான் சுழியாகச் சுருளப் போகிறது. கறுப்புப் பொலித்தீனுக்கு மேலே வெள்ளை இழையாக அது எழுதிக் காட்டும். வேலை முடிந்ததும் பலகை, பொலித்தீன் எல்லாவற்றையும் உடனே கழுவி விடுங்கள், எறும்பு வர அரை மணித்தியாலம் பிடிக்காது.

வெளிச்சம் மேலிருந்து வேண்டாம். ரோச் லைற் ஒன்றைத் தட்டின் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். போனைத் தட்டுக்கு நேர் மேலே எதிலாவது பொருத்தி வீடியோ எடுங்கள், ஒரு அடிமட்டமும் படத்துக்குள் விழட்டும்.

இப்போது மூன்று தடிகள் எடுங்கள்: ஒரு தென்னம் ஈர்க்கு (2 மில்லிமீற்றர் அளவு), ஒரு உருண்டைப் பென்சில் (7 மில்லிமீற்றர்), வயர் இழுக்கப் பாவிக்கிற பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு (20 மில்லிமீற்றர்). பென்சில் ஆறுபட்டையாக இருக்கக்கூடாது, பட்டை இருந்தால் சுழி கழரும் இடமே மாறிவிடும். மூன்றையும் ஒரே வேகத்தில், செக்கனுக்கு ஒரு சென்டிமீற்றராக இழுக்க வேண்டும். ஒரு தடியை இழுத்த பிறகு தண்ணீர் அடங்க ஐந்து நிமிடமாவது விடுங்கள். தடி செங்குத்தாக, அடியைத் தொட்டும் தொடாமலும் போகட்டும்.

ஈர்க்குக்குப் பின்னால் ஒரே ஒரு நேர்கோடு நீளும். சுழி ஒன்றும் கழராது. உற்றுப் பார்த்தால் ஈர்க்கின் முதுகில் இரண்டு குட்டிச் சுழிகள் ஒட்டிக்கொண்டே கூட வருவது தெரியலாம், அவ்வளவு சிறியதைப் பார்க்கப் போனைக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

பென்சில்தான் இந்தப் பரிசோதனையின் உயிர். தொடங்கியதும் பின்னால் இரண்டு சுழிகள் சமமாக, எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று அந்த இடத்தில் இழுப்பதை நிறுத்திவிடாதீர்கள். சட்டத்தை ஒரு மீற்றர் நீளத்துக்குப் போடச் சொன்னது இதற்காகத்தான். கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் வரும் வெள்ளைக் கோடு மெல்ல நெளியத் தொடங்கும், நெளிவு கூடும், பிறகு ஒரு பக்கச் சுழி பெருத்துத் தடியை விட்டுக் கழரும், உடனே மறுபக்கத்துச் சுழி பெருக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு சட்டம் முடியும்வரை மாறி மாறித்தான். பென்சிலை எடுத்துவிட்டு மேலே இருந்து பார்த்தால் இரண்டு வரிசையில் சுருள்கள், ஒரு வரிசையின் சுருள் மற்ற வரிசையின் இடைவெளிக்கு நேரே கிடக்கும். இதுதான் கார்மன் சுழித்தொடர். ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு சுருளுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் பென்சில் விட்டத்தின் ஏறக்குறைய ஐந்து மடங்கு, மூன்று மூன்றரைச் சென்டிமீற்றர் வரும்.

குழாய்த் துண்டுக்குச் சுழிகள் பெரிதாக, ஆறுதலாக, கொஞ்சம் ஒழுங்கு குலைந்து வரும். ஒரு மீற்றர் தூரத்துக்குள் நாலைந்து சோடிக்கு மேல் பார்க்க முடியாது.

கணக்கு

ஒரே தண்ணீர், ஒரே வேகம், ஆனால் மூன்று தடிக்கும் மூன்று விதம். எது எப்போது வரும் என்று தீர்மானிப்பது ஒரே ஒரு எண். வேகத்தை விட்டத்தால் பெருக்கி, பாயியின் (தண்ணீர், காற்று மாதிரிப் பாய்கிற பொருளின்) பிசுக்குமையை அதன் அடர்த்தியால் வகுத்து வருகிற பெறுமானத்தால் வகுக்க வேண்டும். அதுதான் றெனோல்ட்ஸ் எண். 1883இல் ஒஸ்போன் றெனோல்ட்ஸ் மன்செஸ்ரரில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நிற இழையை விட்டு, எப்போது அது நேராக ஓடுகிறது, எப்போது குலைகிறது என்று பார்த்ததிலிருந்து வந்த எண். அதற்கு அலகு கிடையாது. தண்ணீரின் உந்தம் எவ்வளவு, பிசுக்குமையின் பிடி எவ்வளவு என்ற ஒப்பீடு மட்டுமே.

30 பாகை செல்சியசில், அதாவது நம்முடைய ஊர்ச் சூட்டில், தண்ணீருக்கு அந்த வகுக்கும் பெறுமானம் செக்கனுக்கு 0.8 சதுர மில்லிமீற்றர். இதை வைத்து ஒரு குறுக்கு வழி: வேகம் (சென்டிமீற்றர்/செக்கன்) × விட்டம் (மில்லிமீற்றர்) × 12.5. ஈர்க்குக்கு 1 × 2 × 12.5 = 25. பென்சிலுக்கு 87 அளவு. குழாய்க்கு 250. புத்தகங்களில் தண்ணீரின் சூட்டை 20 பாகை என்று எடுத்து இந்தப் பெருக்குதொகையைப் பத்து என்று போட்டிருப்பார்கள், இங்கே அது பொருந்தாது.

இனி எல்லைகள். உருளைக்கு இந்த எண் 5க்குக் கீழே என்றால் தண்ணீர் தடியைச் சுற்றி வந்து பின்னால் அமைதியாகச் சேர்ந்துவிடும். 5 தாண்டினால் இரண்டு ஒட்டுச் சுழிகள். 47 அளவில் அவை நிலைகுலைந்து கழரத் தொடங்கும். 190 அளவுவரை சுழிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரான உருளையாக இருக்கும், அதற்கு மேலே அவற்றுக்குள்ளேயே நெளிவு வந்து, சில நூறுகளைத் தாண்டினால் வேக் கொந்தளிப்பாகிவிடும். ஆனால் கொந்தளிப்பானாலும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறுகிற அந்தத் தாளம் விடாது. இரண்டு இலட்சம் வரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருக்கும், ஒரு தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, ஏனென்றால் வாய்க்காலும் கடலும் காற்றும் எல்லாம் இந்தப் பெரிய எண்களில்தான் இருக்கின்றன.

தாளத்துக்கு இன்னொரு எண்: ஸ்ட்ரூகால் எண். செக் நாட்டுப் பௌதிகவியலாளர் ஸ்ட்ரூகால் 1878இல் காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்று ஆராய்ந்தபோது, அந்த ஒலியின் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) கம்பி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதில் தங்கவில்லை, காற்றின் வேகத்தையும் கம்பியின் விட்டத்தையும் மட்டும் பொறுத்தது என்று கண்டார். செக்கனுக்கு எத்தனை சோடிச் சுழி = 0.2 × வேகம் ÷ விட்டம். றெனோல்ட்ஸ் எண் 300க்கு மேலே இந்த 0.2 நன்றாகப் பொருந்தும். பென்சில் இருக்கிற 90 அளவில் 0.16 என்று போடுங்கள்: 0.16 × 1 ÷ 0.7 = 0.23, அதாவது நாலரைச் செக்கனுக்குள் ஒரு சோடி. உங்கள் வீடியோவில் எண்ணிப் பாருங்கள். பத்துக்கு ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால் மிகவும் நல்லது. இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் அநேகமாக இடப்பக்கச் சுழியையும் வலப்பக்கச் சுழியையும் தனித்தனியாக எண்ணியிருப்பீர்கள், இரண்டும் சேர்ந்துதான் ஒன்று.

இழுக்க முன்னம் கணக்கைக் கொப்பியில் எழுதி வைப்பது கட்டாயம். பார்த்த பிறகு கணக்குப் போட்டால், வருகிற விடைக்கு ஏற்ற மாதிரிக் கண் பார்த்துவிடும்.

ஏன் கழருகிறது

இதை விளங்காமலும் மேலே போகலாம், ஆனால் விளங்கினால் வெளியே போய்ப் பார்க்கும்போது பத்து மடங்கு அதிகம் தெரியும்.

தடியின் முன்பக்கத்தில் மோதுகிற தண்ணீர் நின்று போகிறது, அங்கே அமுக்கம் அதிகம். பக்கவாட்டுக்கு வரும்போது வேகம் கூடுகிறது, அமுக்கம் குறைகிறது. தாண்டிப் பின்பக்கம் போகும்போது மறுபடியும் கூடிய அமுக்கத்துக்குள் ஏற வேண்டும். உராய்வே இல்லாத தண்ணீர் என்றால் பக்கவாட்டில் சேர்த்த வேகத்தைச் செலவழித்து ஏறிவிடும், பின்னால் வேக்கும் வராது, தடிக்கு இழுவையும் இராது. 1752இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டலாம்பேர் கணக்குப் போட்டு இந்த முடிவுக்கு வந்தார். கணக்கில் பிழை இல்லை, ஆனால் உலகத்தில் அப்படி நடப்பதில்லை. 150 வருடம் இந்த முரண்பாடு அப்படியே கிடந்தது.

1904இல் ஜெர்மன் பொறியியலாளர் பிரான்ட்ல் விடை சொன்னார். பிசுக்குமை எவ்வளவு குறைந்ததாக இருந்தாலும், தடியின் தோலை ஒட்டிப் போகிற மெல்லிய ஒரு படையில் அது முழு ஆட்சி செய்கிறது. அந்த எல்லைப்படைத் தண்ணீர் உராய்ந்து உராய்ந்து வேகத்தை இழந்துவிடுகிறது. பாலத்தில் ஏற முன் பெடல் மிதிப்பதை விட்டுவிட்ட சைக்கிள்காரர் பாதி ஏற்றத்தில் நின்று பின்னோக்கி உருளுவது மாதிரி, அதுவும் பின்பக்கத்து அமுக்கத்துக்குள் ஏற முடியாமல் நின்று திரும்புகிறது. அந்த இடத்தில் ஓட்டம் தடியை விட்டுப் பிரிகிறது. வாய்க்கால், கடல் அளவு ஓட்டங்களில் முன்முனையிலிருந்து ஏறக்குறைய 80 பாகையில், அதாவது தடியின் பாதியைத் தாண்டவும் முன்னமே இது நடந்துவிடும். ரின்பால் பூசிய பென்சிலில் வெள்ளை இழை எந்த இடத்தில் தடியை விட்டுக் கிளம்புகிறது என்று பாருங்கள். அந்தப் புள்ளிதான் இந்த முழு விஷயத்தின் மையம். அங்கே பிரிந்த இரண்டு இழைகளும் பின்னால் சுருண்டு, ஒன்று பெருத்து மற்றதைத் தன் பக்கம் இழுக்கிறது, இழுபட்டு வந்தது பெருத்த சுழியின் ஊட்டத்தை அறுக்கிறது, அதனால் பெருத்த சுழி கழன்று போகிறது.

மாறி மாறி ஏன் என்பதற்கும் ஒரு கதை உண்டு, கார்மனே பிற்காலத்தில் சொன்னது. 1911 அளவில் ஜெர்மனியின் கேட்டிங்கனில் பிரான்ட்லிடம் படித்த ஹீமென்ஸ் என்ற மாணவர் தண்ணீர்க் கால்வாயில் ஒரு உருளையை வைத்து அமுக்கத்தை அளக்கப் பார்த்தார். ஓட்டம் நிலைக்கவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லையோ என்று அதைத் தீட்டினார், பிறகு கால்வாயைச் சரிசெய்தார், ஆட்டம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஹங்கேரியர் கார்மன், ஆடுவதுதான் அதன் இயல்பாக இருக்கலாம் என்று யோசித்துக் கணக்குப் போட்டார். சுழிகள் எதிரெதிரே சமமாக நின்றால் நிலைக்காது, ஒன்றுவிட்டு ஒன்றாக நின்றால், அதுவும் இரு வரிசைக்கும் இடையிலுள்ள அகலம் ஒரு வரிசையில் உள்ள இடைவெளியின் 0.281 மடங்காக இருந்தால் மட்டுமே நிலைக்கும் என்று வந்தது. அவருக்கு முன்னமே 1908இல் பிரான்சில் பெனார் இதே சுழிகளை ஆராய்ந்து எழுதியிருந்தார், பெயர் என்னவோ கார்மனுக்குத்தான் போனது.

தோட்டத்து வாய்க்கால்

கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கும்போது வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் அருமையான ஆய்வுகூடம். நேரான, சிமெந்து பூசிய ஒரு துண்டு பாருங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், தண்ணீர் மாறும் நேரத்தில் ஒருவரும் இடைஞ்சல் விரும்பமாட்டார்கள்.

இரண்டு மீற்றர் அளந்து, ஒரு காய்ந்த சருகை விட்டு நேரம் பாருங்கள். 10 செக்கன் என்றால் செக்கனுக்கு 20 சென்டிமீற்றர். சருகு நடுவே போக வேண்டும், ஓரத்தில் உரசினால் திரும்ப விடுங்கள். 2 சென்டிமீற்றர் பருமனான நேரான பூவரசங் கம்பைத் தோல் உரித்து நிறுத்தினால் றெனோல்ட்ஸ் எண் 20 × 20 × 12.5 = 5000. தாளம் 0.2 × 20 ÷ 2 = செக்கனுக்கு 2 சோடி. கண்ணால் எண்ணுவது கஷ்டம், போனில் ஸ்லோமோஷன் வைத்தால் எண்ணிவிடலாம்.

இன்னொரு வழி, எனக்கு அதிகம் பிடித்த வழி: மெல்லிய, வளையக்கூடிய கம்பு ஒன்றை மேல்முனையில் இரண்டு விரலால் மட்டும் மெதுவாகப் பிடித்துத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். ஓட்டம் கம்பைப் பின்னுக்குத் தள்ளும் என்று எதிர்பார்ப்பீர்கள், தள்ளும்தான், ஆனால் விரலுக்குள் வருகிற துடிப்பு பக்கவாட்டில் இருக்கும். இடச்சுழி கழரும்போது ஒரு பக்கம், வலச்சுழி கழரும்போது மறுபக்கம். கம்பின் சொந்த அதிர்வும் சுழியின் தாளமும் ஒன்றாகிற நீளத்தில், கம்பை மேலும் கீழும் கொஞ்சம் மாற்றிப் பிடித்தால் அந்த நீளம் அகப்படும், துடிப்பு சட்டென்று பெரிதாகும். அதுதான் பரிவு. பாலத் தூணுக்கும் புகைபோக்கிக்கும் பொறியியலாளர் பயப்படுவது இதற்குத்தான்.

புதியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. தண்ணீர் செக்கனுக்கு 23 சென்டிமீற்றரைத் தாண்டினால் கம்பைச் சுற்றி மேற்பரப்பில் நிற்கிற அலைகளும், பின்னால் விரிகிற அம்பு வடிவமும் வந்துவிடும். அது அலை, வேக் இல்லை. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிற படகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்து கரைவரை வருவதும் அலைதான். படகுக்கு நேர் பின்னால் ஒடுக்கமாக, நுரையும் சுழியுமாகக் கிடக்கிற பாதைதான் வேக். 23க்குக் கீழே அந்த அலைகள் உருவாகவே முடியாது, ஆகவே முதன்முதலில் பார்க்கிறவர்கள் மெதுவான வாய்க்காலாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

கடனீரேரியும் மதகுகளும்

இங்கே கடல் வற்றுப்பெருக்கு பெரிதில்லை, ஆனால் தெருவணைகளுக்குக் கீழே உள்ள திறப்புகளில் தண்ணீர் ஒடுங்கிப் போவதால் ஓட்டம் தெளிவாக இருக்கும். பண்ணைப் பாலம் போக்குவரத்துக்கும் சுலபம், கரையிலிருந்தே பார்க்கலாம். மாரியில் வழுக்கையாறு ஓடுகிற நாட்களில் மதகடிகளும் நல்ல இடம். தொண்டைமானாற்றுத் தடுப்பணையில் கதவு திறந்திருக்கும்போது கிட்டப் போகாதீர்கள், தூர நின்று பார்த்தால் போதும். எங்கேயும் தண்ணீருக்குள் இறங்கத் தேவையில்லை. பரவைக்கடல் ஆழம் குறைவு என்று நம்பி இறங்குகிறவர்களின் காலைச் சேறு பிடிக்கும், அணைக் கல்லில் பாசி வழுக்கும்.

காலை வெயில் ஏற முன், காற்று எழும்ப முன் போங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் எட்டு மணிக்குப் பிறகு மேற்பரப்பு முழுக்கச் சிற்றலை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காற்று ஓய்ந்த நாட்கள் அகப்படும். 10 சென்டிமீற்றர் பருமனான ஒரு தடி, செக்கனுக்கு 30 சென்டிமீற்றர் ஓட்டம் என்றால் 0.2 × 30 ÷ 10 = 0.6, ஒன்றேமுக்கால் செக்கனுக்குள் ஒரு சோடி. கண்ணால் பார்க்கவும் வாயால் எண்ணவும் ஏற்ற வேகம். தடியில் சிப்பியும் பாசியும் பிடித்திருந்தால் விட்டத்தை அதையும் சேர்த்து அளவிடுங்கள். இரண்டு தடிகள் கிட்டக் கிட்ட நின்றால் விட்டுவிடுங்கள், முன்தடியின் சுழி பின்தடியில் மோதிக் கணக்கைக் குழப்பும்.

காற்றில்

காற்றுக்கான குறுக்கு வழி: வேகம் (மீற்றர்/செக்கன்) × விட்டம் (மில்லிமீற்றர்) × 62.5. ஊதுபத்திப் புகையைப் பென்சிலில் மோத விட்டுப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புகை இழை பென்சிலைவிட அகலமாக இராது, ஆகவே அது இரண்டாகப் பிரிந்து போவதைத்தான் காண்பீர்கள், வேக்கை அல்ல.

காற்றில் காதுதான் கருவி. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏறும்போது நூலுக்குக் கிட்டக் காதை வைத்துக் கேளுங்கள். 1 மில்லிமீற்றர் நூல், செக்கனுக்கு 8 மீற்றர் காற்று என்றால் 0.2 × 8 ÷ 0.001 = 1600, அந்த மெல்லிய கீச்சொலி அங்கேயிருந்துதான். பட்டத்தில் பூட்டுகிற விண்ணின் ஒலியை இதே கணக்கில் போடாதீர்கள். விண்ணில் இருப்பது தட்டை நாடா, அது காற்றில் படபடத்துத் தன் இறுக்கத்துக்கு ஏற்பப் பாடுகிறது. நாடாவை இறுக்கினால் விண்ணின் சுருதி மாறும், நூலை இறுக்கினால் நூலின் கீச்சொலி மாறாது. ஸ்ட்ரூகால் கண்டதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வாகனக் கூரையில் நிற்கிற ஏரியல் கம்பிகள் சிலவற்றில் மெல்லிய கம்பி ஒன்று சுருளாகச் சுற்றியிருக்கும். உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் மேல்பகுதியிலும் அதே சுருளைத் தகட்டில் செய்திருப்பார்கள். சுழிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் கழராமல் குழப்புவதுதான் அதன் வேலை. உயர்மின் கம்பிகளில் கோபுரத்துக்குக் கிட்ட, இரண்டு முனையிலும் எடை வைத்த சிறு துண்டுகள் தொங்குவதும் கம்பியின் இந்த அதிர்வைத் தின்பதற்கே. பளைப் பக்கம் நிற்கிற மாதிரிக் காற்றாலைக் கோபுரங்களுக்கு, மேலே பொறி பூட்ட முன் வெறும் கோபுரமாக நிற்கிற நாட்கள்தான் அதிக ஆபத்து. 4 மீற்றர் விட்டம், 10 மீற்றர் காற்று என்றால் இரண்டு செக்கனுக்கு ஒரு சோடி.

பந்து வேறு விஷயம். கோளத்துக்குப் பின்னால் இரண்டு வரிசைத் தொடர் வராது, வளையம் வளையமாகக் கழரும், 0.2 கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம். ஆனால் எல்லைப்படை பிரிகிற இடம் எவ்வளவு முக்கியம் என்று காட்ட கிரிக்கெட் பந்தை விட்டால் ஆளில்லை. 7.2 சென்டிமீற்றர் பந்து, செக்கனுக்கு 35 மீற்றர் என்றால் றெனோல்ட்ஸ் எண் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். அந்த அளவில் தையல் இருக்கிற பக்கத்து எல்லைப்படை தையலில் தட்டுப்பட்டுக் கொந்தளிப்பாகி, வெளியிலிருந்து சக்தியை வாங்கிக்கொண்டு, பந்தோடு கூடத் தூரம் ஒட்டிப் போகிறது. மறுபக்கம் முன்னமே பிரிந்துவிடுகிறது. வேக் ஒரு பக்கம் சாய, பந்து தையல் காட்டுகிற பக்கம் வளைகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதுகிற வடக்கின் பெரும் சமரில் புதுப் பந்து எடுக்கும்போது தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்தவர்களுக்கு அடுத்த வேலை செய்மதிப் படம். மெக்சிக்கோவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள குவாடலூப்பே தீவைத் தேடுங்கள். தாழ்ந்த மேகப் படையைத் துளைத்துக்கொண்டு நிற்கிற மலைத் தீவு அது, தெற்குப் பக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு மேகத்தில் சுழித்தொடர் விழும். காற்றுக்குக் குறுக்கே தீவின் அகலம் ஏறக்குறைய 10 கிலோமீற்றர், காற்று செக்கனுக்கு 10 மீற்றர் என்று வைத்தால் ஒரு சோடிக்கு 5000 செக்கன், ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாளுக்கு ஒரு தடவை கடக்கிற செய்மதியின் படத்தில் அசைவு தெரியாது. அமெரிக்காவின் புவிநிலைச் செய்மதிகள் (பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பவை) 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகின்றன, அவற்றை அடுக்கினால் ஒரு சோடிக்கு எட்டுப் படம் அகப்படும்.